எழுதியாச்சு... யார் படிப்பாங்க?

காலை 6 மணி. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று எந்த ஏரியாவின் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் முதலில் ஒரு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் இருக்கும். அடுத்து, "இன்னும் மோட்டார் போடலையா?" என்று ஒரு கேள்வி. அப்புறம் ஒரு முருகன் படம். இவற்றுக்கு நடுவே ஒரு லிங்க் வந்து விழுகிறது. 'எனது புதிய கட்டுரை. படித்துவிட்டுக் கருத்து சொல்லவும்.' அதற்குக் கீழே இரண்டு கட்டைவிரல்கள். பத்து நிமிடத்தில் பார்க்கிங் பஞ்சாயத்து ஒன்று ஆரம்பித்து, லிங்க்கை மேலே தள்ளிவிடும். கட்டைவிரல் காட்டிய இருவருமே அதைத் திறந்திருக்க மாட்டார்கள் என்பது அனுப்பியவருக்கும் தெரியும்.

மின்னஞ்சலில் சொந்தமாக ஒரு நியூஸ்லெட்டர் நடத்த ஆசைப்படும் எழுத்தாளர்கள் இப்போது அதிகம். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஃபேஸ்புக்கில் எழுதினால் அது யார் கண்ணில் படும் என்பதை ஃபேஸ்புக்தான் முடிவுசெய்யும்; மெயிலில் அந்தத் தொல்லை குறைவு. வாசகரின் முகவரி எழுத்தாளரின் கையில் இருக்கிறது. நம் பக்கத்து மொழியில் சொன்னால், ஃபேஸ்புக் பக்கம் வாடகை வீடு, மெயில் பட்டியல் பட்டா உள்ள மனை. சப்ஸ்டாக் போன்ற தளங்களில் தொடங்குவதற்குச் செலவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் நியூஸ்லெட்டர் தயார்.

வாசகர்கள் மட்டும் தயாராக இருப்பதில்லை. நாலு இதழ் உற்சாகமாகப் போகும். ஐந்தாவதில், படிப்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் பாதிப்பேர் உறவினர்கள். பத்தாவது இதழ் வருவதற்குள் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும்போது 'நமக்கு எழுத வரவில்லை' என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். அதுதான் வருத்தமானது. எழுத வராமல் நின்றுபோவது வேறு. எழுத்து போய்ச் சேரவேண்டிய ஆளிடம் போகாமலே நின்றுபோவது வேறு.

தூக்கிச் சுமந்தவர்கள்

வாசகரைத் தேடிப் போவது தமிழ் எழுத்தாளருக்குப் புதிய வேலை இல்லை. 'வாடிவாசல்' எழுதிய சி.சு.செல்லப்பா, 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். கையில் பெரிய பணம் கிடையாது. 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டு, சந்தாதாரர்களை நம்பி ஆரம்பித்தார். இன்றைக்கு நியூஸ்லெட்டர் நடத்துகிறவர்கள் போடும் கணக்கும் இதேதான்: எல்லோருக்கும் வேண்டாம், தேடி வருகிறவர்களுக்கு மட்டும் போதும். செல்லப்பாவின் 2,000 கடைசிவரை நிறையவே இல்லை. ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இன்று 'எழுத்து' பத்திரிகையைத் தாண்டிப் போக முடியாது.

பிரசுரித்த புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனவர் செல்லப்பா. கல்லூரி வாசலில் ஓர் எழுத்தாளர் தன் புத்தகத்தைத் தானே தூக்கிக்கொண்டு நிற்கும் காட்சியைப் பலர் பரிதாபமாகத்தான் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் வேறு மாதிரியும் பார்க்கலாம். தன் எழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்த் துறை ஆசிரியர்களும் மாணவர்களும் அவருடைய ஆட்கள். அதனால் கல்லூரிக்குப் போனார். கண்ணில் பட்ட பஸ் ஸ்டாண்டில் எல்லாம் கடை விரிக்கவில்லை. தமிழ்நாட்டில் அன்றைக்கு இருந்த இலக்கிய வாசகர்களின் 'மெயில் பட்டியல்' அவர் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் நடந்தே சேர்த்தார்.

வை.மு.கோதைநாயகி அம்மாளின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1901-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, அதில் தொடர்கதைகள் எழுதி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களின் ஆசிரியர் ஆனார். அச்சுக்கு வருவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் கதை சொல்லி, கேட்க ஆட்களைச் சேர்த்திருந்தவர் அவர். எந்த இடத்தில் நிறுத்தினால் 'அப்புறம் என்னாச்சு?' என்று கேட்பார்கள் என்பது எதிரே உட்கார்ந்திருந்த முகங்களிலிருந்து வந்த பாடம். இன்றைய எழுத்தாளர்கள் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் எழுதிவிட்டு, அப்புறம் ஆள் தேடுகிறார்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பாரதியை நினைத்துக்கொள்ளலாம். 1920-ல் கடையத்திலிருந்து, தன் எழுத்துகளை எல்லாம் 40 புத்தகங்களாக அச்சிடத் திட்டம் போட்டு, கடன் கொடுத்து உதவும்படி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியவர் அவர். ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் என்பது கணக்கு. பணம் சேரவில்லை, அடுத்த ஆண்டு பாரதியும் இல்லை. இன்று அந்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. 'சந்தா சேருங்கள்' என்று ஒரு வரி எழுதக் கூசுபவர்களைப் பார்த்தால்தான் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

சேலையூர் டீச்சர்

சேலையூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடம் பாடம் நடத்தியவர். மகள் அமெரிக்காவில். கணவர் காலையில் நடைப்பயிற்சி, மாலையில் டி.வி. டீச்சருக்கு எழுத ஆசை. 'வாழ்வும் இலக்கியமும்' என்று பெயர் வைத்து வாராவாரம் ஒரு நியூஸ்லெட்டர் எழுதுகிறார். அப்பார்ட்மென்ட் குரூப்பில் போடுகிறார். மூன்றாவது வாரம் செக்ரட்டரி லிஃப்ட் அருகே நிறுத்தி, "டீச்சர், நம்ம குரூப்ல சொந்த விஷயம் போடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க" என்கிறார்.

டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்ளத்தான் செய்வார். முப்பது வருடம் வகுப்பில் எழுந்து நின்று வணக்கம் வாங்கியவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், லேப்டாப்பை மூடி வைக்க.

உண்மையில் செக்ரட்டரி சொன்னதில் நியாயம் இருக்கிறது. 'வாழ்வும் இலக்கியமும்' என்ற பெயரில் வரும் மடல் யாருக்கானது என்று எழுதுகிறவருக்கே தெரியாது. எல்லோருக்கும் என்று எழுதினால், தனக்கு என்று யாருமே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் டீச்சரைச் சுற்றி என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. மாடம்பாக்கத்தில் சோழர் காலத்து தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. திருநீர்மலை திவ்யதேசம். அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரில் புடவை நெய்கிறார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்தார்கள். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது. இவ்வளவும் ஒரே மாநகராட்சிக்குள். அந்தத் தாம்பரம் மாநகராட்சியே 2021-ல்தான் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. அதாவது, லட்சக்கணக்கானவர்கள் வசிக்கும் ஊருக்குத் தன் கதையைச் சொல்ல இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது.

டீச்சர் தன் மடலின் பெயரை 'நம்ம ஏரியா கதை' என்று மாற்றி, வாரம் ஓர் இடத்தை மட்டும் எழுதட்டும். 'சேலையூர் ஏரிக்கு ஒரு காலத்தில் எங்கிருந்து தண்ணீர் வந்தது?' என்ற தலைப்பில் ஒரு மடல் வந்தால், அதே செக்ரட்டரி முதலில் படிப்பார். அவர் பால்கனியிலிருந்து தெரியும் ஏரி அது. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு, அடையாற்றின் கால்வாய்கள் பற்றிய கட்டுரை இலக்கியத்தைவிட அவசரமானது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோது, எந்த ஊர் பஸ்ஸை எங்கே பிடிப்பது என்று தெளிவாக ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை யாரும் கேட்காமலே ஊர் முழுக்க ஃபார்வர்ட் செய்திருக்கும்.

மயிலாப்பூரில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வின்சென்ட் டிசோசா 1994-ல் ஆரம்பித்த 'மயிலாப்பூர் டைம்ஸ்' ஆங்கில வாரப் பத்திரிகை, வீடுகளுக்கு இலவசமாகப் போனது. செலவுக்கு உள்ளூர்க் கடைகளின் விளம்பரம். தெருவில் தோண்டிய பள்ளத்தையும் சபா கச்சேரியையும் ஒரே அக்கறையோடு எழுதியது. அதோடு நிற்கவில்லை. மயிலாப்பூர் ஃபெஸ்டிவல் என்று ஜனவரியில் ஒரு விழா, வடக்கு மாடவீதியில் கோலப்போட்டி. கோலம் போட வந்தவர்கள் யார்? அந்தப் பத்திரிகை போய் விழும் வீடுகளின் பெண்கள்தான். எங்கள் பத்திரிகையைப் படியுங்கள் என்று மைக் கட்டிச் சொல்வதைவிட இது மேல்.

பெரிய பத்திரிகைகளும் இந்த வழியில்தான் வளர்ந்தன. 1928-ல் 'ஆனந்த விகட'னை வாங்கிய எஸ்.எஸ்.வாசன் குறுக்கெழுத்துப் போட்டியால் விற்பனையை ஏற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். கதைக்காக இல்லாவிட்டாலும் கட்டத்துக்காக வாங்கினார்கள், வாங்கியதால் கதையையும் படித்தார்கள். டீச்சருக்கும் இது உதவும். மடலின் அடியில் ஏரியாவின் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டு, 'இது எந்த இடம்?' என்று கேட்டால் போதும். சரியாகச் சொன்னவரின் பெயர் அடுத்த வாரம் வரும். பெயர் வந்தவர் அந்த மடலைக் குறைந்தது பத்துப் பேருக்கு அனுப்புவார். மனித சுபாவம் அப்படி.

எங்கே பிடிப்பது?

டீச்சரின் உண்மையான வாசகர்களில் பாதிப்பேர் தாம்பரத்தில் இல்லை. டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். தென்சென்னைப் புறநகரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளியே இருக்கிற தெருக்கள் எத்தனையோ. பெற்றோர் இங்கே, பிள்ளைகள் அங்கே. அம்மா வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்புகிறார். ராத்திரி போனில் மகள் கேட்கிறாள்.

"அம்மா, அந்தச் சானடோரியம் கட்டுரை யாரும்மா எழுதினது? நான் ஸ்கூலுக்குப் போன வழியெல்லாம் அப்படியே இருக்கு."

"நம்ம தெரு டீச்சர்டி. கோடியாத்து வீடு. உனக்குத் தெரியுமே."

"அவங்களா? லிங்க் அனுப்பு. நானே சேர்ந்துக்கிறேன்."

இந்த 'நானே சேர்ந்துக்கிறேன்'தான் வேண்டும். இதை வரவழைக்க, ஃபார்வர்டாகப் போகும் ஒவ்வொரு மடலின் அடியிலும் 'இது உங்களுக்கு யாராவது அனுப்பியதா? நேரடியாகப் பெற இங்கே பதியுங்கள்' என்ற ஒரு வரி இருக்க வேண்டும். பலர் இதைப் போடுவதே இல்லை. ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே இருக்கும், பட்டியல் மட்டும் அப்படியே நிற்கும்.

மாறாக, அசோசியேஷன் நோட்டிலிருந்து எல்லோருடைய முகவரியையும் எடுத்துத் தானே சேர்த்துவிடுவது பெரிய தப்பு. நம்பிக் கொடுத்த முகவரி அது. ஒருவரின் தகவலை அவர் சம்மதத்தோடு பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இந்தியாவில் 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், கேட்காமல் வந்த மடலை நாலு பேர் 'ஸ்பேம்' என்று அழுத்தினாலே போதும். கேட்டு வாங்கியவர்களுக்குப் போகும் மடலும் குப்பைப் பெட்டிக்குள் விழ ஆரம்பித்துவிடும். ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து விதிகளை இறுக்கியிருக்கிறது: ஒரே கிளிக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. டீச்சரின் பட்டியல் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் விலகும் பொத்தானை ஒளித்து வைப்பது, பந்தியில் உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடாமல் பிடித்து வைப்பது மாதிரிதான்.

வாட்ஸ்அப்பிலேயே எல்லாவற்றையும் நடத்திவிடலாமே என்று தோன்றும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அவர்களும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருந்தால் மட்டுமே செய்தி போகும். 2023-லிருந்து சேனல் வசதி வந்திருக்கிறது. அதில் எவ்வளவு பேர் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் அவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களால் பதிலும் எழுத முடியாது. வாட்ஸ்அப்பை வாசலாக வைத்துக்கொண்டு, மெயிலைக் கூடமாக வைத்துக்கொள்வது நல்லது.

வாசல்கள் வெளியிலும் இருக்கின்றன. கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் ஒட்டிய ஒரு கியூ.ஆர். கோடு தாள், கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகை, கோயில் மண்டபத்தில் நடக்கும் சொற்பொழிவு, புத்தக வெளியீட்டு விழாவின் டீ இடைவேளை. டீச்சரின் பழைய மாணவர்களை மறந்துவிடக் கூடாது. முப்பது வருடத்தில் எத்தனை வகுப்புகள்! இன்னொரு வழி, இதேபோல் எழுதும் மற்றவர்களோடு கைகோப்பது. மேடவாக்கத்தில் ஒருவர் பறவைகளைப் பற்றி எழுதுகிறார் என்றால், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பற்றி ஒரு மடலை அவரை எழுதச் சொல்லிக் கேட்கலாம். அவருடைய வாசகர்கள் இங்கே எட்டிப் பார்ப்பார்கள், இங்கே இருப்பவர்கள் அங்கே போவார்கள். எழுத்தாளர்கள் இதில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். 'என் வாசகர்' என்று யாரும் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

7.40 ரயில்

எந்த நேரத்தில் அனுப்புவது? கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எத்தனையோ குடும்பங்களின் வாரப் பத்திரிகைகள் முதலில் படிக்கப்பட்டு, அப்புறம் வீட்டுக்குப் போயின. இன்று அதே இருக்கையில் போன். ரயில் ஏறுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இன்பாக்ஸில் வந்து உட்காரும் மடலுக்கும், ராத்திரி பதினொன்றரைக்கு வரும் மடலுக்கும் நிறைய வித்தியாசம். தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்தவருக்குப் படிக்க நேரம் இருக்கும்.

நேரத்தைவிட முக்கியம், அது மாறாமல் இருப்பது. ஜெயமோகன் 'வெண்முரசு' நாவல் வரிசையை 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டார். 26 நாவல்கள். அதன் இலக்கியம் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அன்றன்றைக்கு அத்தியாயம் வந்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 2022-ல் பா.ராகவன் தொடங்கிய 'மெட்ராஸ் பேப்பர்' இணைய இதழும் வாரப் பத்திரிகையின் ஒழுங்கை அப்படியே இணையத்துக்குக் கொண்டுபோனது, அதுவும் சந்தா வைத்து. டீச்சர் தினம் எழுத வேண்டாம். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை. உடம்பு சரியில்லை என்றால், 'இந்த வாரம் இல்லை' என்று இரண்டு வரி. பால்காரர் வராத நாளில் சொல்லி அனுப்புவது மாதிரி.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஒரு மெயில் சுமார் 102 கே.பி-யைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டி, மீதியைப் படிக்கத் தனியாக ஒரு லிங்க் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் தாம்பரம் என்று எழுத எட்டு எழுத்துகள், எட்டு பைட். தமிழில் 'தாம்பரம்' என்ற சொல்லைக் கணினி த, கால், ம, புள்ளி என்று எட்டுக் குறிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 24. ஆக, ஆங்கிலக்காரர் மூன்று பக்கம் எழுதும் இடத்தில் நம்மால் ஒரு பக்கம்தான் எழுத முடியும். அலங்கார டெம்ப்ளேட் வேறு இடத்தைத் தின்னும். கட்டுரையின் முடிவும், 'பதிய இங்கே' என்ற வரியும் வெட்டுப்பட்ட பக்கத்தில் போய் மறைந்தால் பட்ட பாடு வீண். ஆகவே அலங்காரம் குறைவாக, மடல் அளவாக இருக்கட்டும். தலைப்பும் அப்படித்தான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, போன் திரையில் முதல் மூன்று நான்கு சொற்கள்தான் தெரியும். 'நம்ம ஏரியா கதை - இதழ் 14 - வாராந்தர மின்மடல்' என்று போட்டால் விஷயம் எதுவும் வெளியே தெரியாது. 'சேலையூர் ஏரியின் திருட்டுப்போன கால்வாய்' என்றால் விரல் நிற்கும். ஆனால் உள்ளே அந்தக் கால்வாய் இருக்க வேண்டும். 'அதிர்ச்சித் தகவல்' என்று ஒருமுறை ஏமாந்தவர் அடுத்தமுறை வர மாட்டார்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று தளம் காட்டும் சதவிகிதத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. 2021-லிருந்து ஆப்பிள் போன்களின் மெயில் செயலி, தனியுரிமைப் பாதுகாப்பு போட்டிருந்தால், படிக்காத மடலையும் திறந்ததாகவே காட்டிவிடும். நம்பக்கூடிய கணக்கு ஒன்று உண்டு: எத்தனை பேர் பதில் எழுதினார்கள். 'டீச்சர், அந்தக் கிணறு ராஜகீழ்ப்பாக்கத்தில் இல்லை, செம்பாக்கத்தில்' என்று ஒருவர் திருத்தி எழுதினால், நூறு கட்டைவிரல் அதற்கு ஈடாகாது. அவருக்குப் பதில் போட்டு, அடுத்த இதழில் அவர் பெயரோடு திருத்தத்தை வெளியிட்டால் அவர் அந்த மடலுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். சண்டை போட வருகிற வாசகரும் வாசகர்தான்.

பணம்? கேட்கலாம், ஆனால் முதல் மாதமே வேண்டாம். சப்ஸ்டாக், சந்தாப் பணத்தில் 10 சதவிகிதம் எடுத்துக்கொள்ளும். பணப் பரிமாற்றத்துக்கு அது நம்பியிருக்கும் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் கணக்கு இந்தியாவில் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் இங்கே பலர் மடலை இலவசமாக அனுப்பிவிட்டு, அடியில் யு.பி.ஐ. எண்ணைக் கொடுக்கிறார்கள். தருகிறவர் தருகிறார். ஒரு வருடம் தவறாமல் வந்த மடலுக்கு வருடம் 300 ரூபாய் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உள்ளூர் சில்க்ஸ் கடையோ பல் டாக்டரோ ஒரு வரி விளம்பரம் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அது விளம்பரம் என்று தெளிவாகப் போட்டுவிட்டு.

இவ்வளவுக்குப் பிறகும் மெயிலே பார்க்காதவர்கள் இருப்பார்கள். ஏரியில் மீன் பிடித்ததையும், மீட்டர்கேஜ் ரயிலில் பீச்சுக்குப் போனதையும் நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். டீச்சருக்கு வேண்டிய பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களுக்காக மடலை ஏ4 தாளில், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அச்செடுத்து, எதிர் வீட்டுப் பாட்டி கையில் கொடுத்தால் போதும். பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் பத்தியிலேயே நிறுத்தி, "இது தப்பு டீச்சர். அந்த ஏரிக்கு ரெண்டு மதகு. ஒண்ணுதான் எழுதியிருக்கே" என்பார். பேனாவோடு போவது நல்லது.